வைஃபை பூட்டும் பெற்றோர் கடமையும்

தூத்துக்குடியில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகின்றவர் வீடானாலும் சரி, உப்பளத்தில் வேலை செய்கின்றவர் வீடானாலும் சரி, கடை வைத்திருக்கும் வியாபாரியின் வீடானாலும் சரி, இன்று பல வீடுகளில் சுவரோரம் ஒரு சிறு பெட்டி பச்சை விளக்கை மினுக்கிக் கொண்டிருப்பதைப் பார்க்கின்றோம். ரவுட்டர் என்றும் வைஃபை பெட்டி என்றும் சொல்லப்படும் அதன் வழியாய் உலகத்திலுள்ள நல்லதும் கெட்டதும் வீட்டிற்குள் வருகின்றன. பள்ளிப் பாடமும் அதில் வருகின்றது. சூதாட்டமும் ஆபாசமும் அதிலேயே வருகின்றன. ஆகவே சிறு பிள்ளைகளையுடைய பெற்றோர்கள் அதற்கு ஒரு பூட்டு வேண்டுமென்று நினைப்பதை நாம் குற்றஞ் சொல்ல வரவில்லை. பூட்டை எப்படிப் போடுவது, யாருக்குப் போடுவது என்பவற்றைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

“பெட்டியை மாட்ட வந்த ஆள் ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கின்றான், இனிப் பயமில்லை” என்று சொல்லும் தகப்பன்மார் அநேகர். என்ன செய்தான், எது திறந்திருக்கின்றது, எது மூடியிருக்கின்றது என்று கேட்டால் பதில் இல்லை. இந்த நம்பிக்கையைப் பார்க்கும்போது இக்கடற்கரையின் பழைய சங்கதி ஒன்று நமக்கு ஞாபகத்திற்கு வருகின்றது.

முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு கடல்கட்டி என்று ஒருவன் இருந்தான். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போயிற்று என்று எழுதி வைத்திருக்கின்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், பகலில் போட்ட கட்டைச் சாயங்காலம் அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் எவனும் திருட்டுத்தனமாய் மூழ்காமல் இருப்பதற்காகவாம்! அதாவது கட்டுப்பட்டது சுறாவல்ல, மனிதனே. இலங்கைப் பக்கத்து மன்னார்க் கரையிலோ 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் சர்க்காரே இவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. ஆனால் மூழ்கினவனைக் காப்பாற்றியது மந்திரமா என்று கேட்கின்றோம். அவன் பிடித்திருந்த கயிறும், தோணியின்மேல் கண் இமைக்காமல் அக்கயிற்றைப் பிடித்து நின்ற ஆளுமே அவனைக் காப்பாற்றினார்கள். அதற்காகவே கயிறு பிடிக்க மச்சானை நிறுத்துவது வழக்கம் என்று இக்கரையில் சொல்லுவதுண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. கடல்கட்டியின் புத்தி மாத்திரம் நம்மைவிட்டுப் போகவில்லை.

நிற்க, பெட்டியின் விஷயத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அரைமணி நேரத்தில் செய்து கொள்ளக் கூடியதுதான்.

முதலாவது, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 192.168.1.1 என்பது போன்ற ஒரு எண்ணும், ஒரு பெயரும், ஒரு பாஸ்வேர்டும் இருக்கும். வைஃபையில் சேர்ந்துள்ள போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரைத் திறந்து அவ்வெண்ணை அடித்தால் பெட்டியின் நிர்வாகப் பக்கம் திறக்கும். வைஃபையில் சேருகின்ற பாஸ்வேர்டு வேறு, இந்த நிர்வாகப் பாஸ்வேர்டு வேறு என்பதை மறக்கக்கூடாது. பல பெட்டிகளில் பெயரும் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’. இது ஊருக்கெல்லாம் தெரிந்த சாவி. 2016-ல் ‘மிராய்’ என்னும் கள்ள மென்பொருள் இப்படி மாற்றப்படாத பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தே பல தேசங்களின் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. 2017-ல் நம் தேசத்திலேயே பி.எஸ்.என்.எல். சந்தாதாரர்களின் மோடம்கள் இவ்விதத்தில் தாக்கப்பட்டு, பாஸ்வேர்டை மாற்றும்படி அவர்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. ஆகவே முதல் வேலை அதை மாற்றி ஒரு நோட்டில் எழுதி வைப்பதே.

இரண்டாவது, வைஃபையின் பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ. 3 இருந்தால் அதையும், இல்லாவிட்டால் டபிள்யூ.பி.ஏ. 2-ஐயும் வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வசதியையும், பாஸ்வேர்டு இல்லாமல் பொத்தானாலோ எட்டு இலக்க எண்ணாலோ சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியையும் நிறுத்திவிட வேண்டும். பெட்டியின் உள் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் ஏற்றிக் கொள்ள வேண்டும். வீட்டுக்கு வருகின்றவர்களுக்கு விருந்தினர் வைஃபை என்று தனியாய் ஒன்று வைத்துவிட்டால், வீட்டுச் சாவியை ஊருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பிள்ளைகளுக்கான பூட்டு. பல பெட்டிகளில் ‘பேரண்டல் கண்ட்ரோல்’ என்ற பகுதியில் இன்ன போனுக்கு இன்ன மணி முதல் இன்ன மணி வரை இணையம் இல்லை என்று குறித்து வைக்கலாம். அதைவிட முக்கியமானது டி.என்.எஸ். என்பது. நாம் ஒரு தளத்தின் பெயரை அடித்தால் அதற்குரிய எண்ணைத் தேடிக்கொடுக்கும் விலாசப் புத்தகமே டி.என்.எஸ். அந்த இடத்தில் 1.1.1.3 என்றும் அடுத்ததில் 1.0.0.3 என்றும் போட்டால், கிளவுட்ஃப்ளேர் கம்பெனியின் விலாசப் புத்தகம் ஆபாசத் தளங்களுக்கும் கள்ள மென்பொருள் தளங்களுக்கும் விலாசம் கொடுக்க மறுத்துவிடும். இதற்குக் காசு இல்லை. சில கம்பெனிகள் கொடுக்கும் பெட்டிகளில் இதை மாற்ற விடமாட்டார்கள். அப்போது பிள்ளையின் போனிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தபின் நிம்மதியாய்த் தூங்கலாமா என்றால் கூடாதென்றே சொல்லுவோம். போனிலுள்ள சிம்மின் டேட்டாவுக்கு வீட்டுப் பெட்டியின் பூட்டு செல்லாது. அடுத்த வீட்டு வைஃபைக்கும் செல்லாது. வி.பி.என். என்னும் மறைவழி தெரிந்த பையன் டி.என்.எஸ்.-ஐத் தாண்டிப் போய்விடுவான். இக்காலத்துப் போன்கள் தம் அடையாள எண்ணை மாற்றிக் காட்டுவதால் நேரக்கட்டுப்பாடும் சில வேளைகளில் தவறிப்போகும். பெட்டியின் பூட்டு வாசலுக்குத்தான் காவல், தெருவுக்கல்ல. தெருவில் நடக்கப் பிள்ளைக்கு அறிவைத்தான் கொடுக்க வேண்டும். கெட்டது இன்னதென்றும், யாராவது மிரட்டினால் பயப்படாமல் வந்து சொல்லலாமென்றும் பேசிப் பழகாத வீட்டில், பூட்டு என்பது கடல்கட்டியின் மந்திரமே தவிர வேறல்ல.

இனி யாருக்குப் பூட்டு என்ற விஷயம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பூட்டுப் போடுவது பாதுகாப்பு. ஆனால் பதினைந்து வயது மகன் இரவெல்லாம் போனோடு கிடக்கலாம், கல்லூரியில் படிக்கும் இருபது வயது மகளுக்கு மாத்திரம் ஒன்பது மணிக்கு இணையம் நிற்க வேண்டும் என்றால், அது பாதுகாப்பா, அடிமைத்தனமா? மனைவி எதைப் பார்த்தாள் என்று பெட்டியின் கணக்கில் வேவு பார்க்கின்ற கணவனுக்குப் பிள்ளைப் பாதுகாப்பு என்பது ஒரு சாக்குத்தானே! கோழிக்கோடு ஜில்லாவில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில் குறித்த நேரத்தில் மாணவிகள் போனை வைத்திருக்கக் கூடாதென்று விதி செய்து, இணங்காத மாணவியை விடுதியைவிட்டு வெளியேற்றினார்கள். 2019-ல் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தை அடையும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்கும்படி உத்தரவிட்டது. விடுதிக்குச் சொன்ன நியாயம் வீட்டுக்கு ஏன் ஆகாது?

பூட்டப்பட்டவர்களின் நிலைமை இன்னதென்று தூத்துக்குடிக்காரருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2018 மே 22-ந் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து, மொத்தம் 13 பேர் மாண்ட அந்த வாரத்தில், 23-ந் தேதி முதல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஜில்லாக்களில் இணையத்தை நிறுத்தினார்கள். செத்தவர் யார், பிழைத்தவர் யார் என்று அறியத் துடித்தவர்களுக்கு அந்த வழியும் இல்லாமல் போயிற்று. பின்பு 2020 ஜனவரியில், காஷ்மீர் சம்பந்தமான வழக்கில் உச்சநீதிமன்றம், இணையத்தை நிறுத்தும் உத்தரவைப் பகிரங்கப்படுத்த வேண்டும், அதற்குக் காரணம் வேண்டும், அளவு மீறக்கூடாது, காலவரையறை இல்லாமல் நிறுத்தக்கூடாது, அவ்வப்போது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சொல்லிற்று.

சர்க்காரிடம் இந்த நியாயத்தைக் கேட்கின்ற நாம், வீட்டில் நாமே சர்க்காராய் இருக்கும்போது அதைக் கொடுக்கின்றோமா? பிள்ளைக்குத் தெரியாமல் போடும் பூட்டு வேவு. காரணம் சொல்லாமல் போடும் பூட்டு அதிகாரம். வயது வந்தபின்னும் எடுக்காத பூட்டு சிறை.

ஆகவே பெற்றோர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். தாய்மாரும் கூட உட்காரட்டும். சாவியைக் குறித்து வைத்த நோட்டு அவர்கள் கையிலும் இருக்கட்டும். இன்னது மூடுகின்றோம், இன்ன காரணத்திற்காக, இன்ன வயது வரையில் என்று சொல்லி மூடுங்கள். வருஷத்திற்கொரு முறை உட்கார்ந்து பேசி, வேண்டாததைத் திறந்து விடுங்கள். மகனுக்கு ஒரு சட்டம், மகளுக்கு ஒரு சட்டம் என்பதை மாத்திரம் அந்தப் பெட்டிக்குள் ஏற்றிவிடாதீர்கள்.