எண்ணூர் ரோட்டுக்கு எந்த லைட்?

விடியற்காலை 3 மணி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடு பிடிக்கிற நேரம். ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டுகள், மீன் கூடைகளை அடுக்கிய ஆட்டோக்கள் எல்லாம் எண்ணூர் விரைவுச் சாலையில் வந்து சேர்கின்றன. கடலோரமாக, துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கின்றன கன்டெய்னர் லாரிகள். அப்போது எதிரே ஒரு ஜீப் வருகிறது. ஹெட்லைட் போதாதென்று பம்பரில் இரண்டு விளக்கு, கூரை மேல் நீளமாக ஒரு எல்.இ.டி பார். மொபெட்காரர் கண்ணைச் சுருக்குகிறார். அடுத்த சில விநாடிகளுக்கு அவருக்கு ரோடும் தெரியாது, விளக்கில்லாமல் ஓரமாக நிற்கிற டிரெய்லரின் பின்பக்கமும் தெரியாது. வயதானவர் என்றால் கண் பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் நேரம் பிடிக்கும்.

ஜீப்காரரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வண்டியில் கம்பெனி கொடுத்த லைட் அவருக்கு உண்மையிலேயே போதவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், கத்திவாக்கம் தாண்டி மீஞ்சூர் வரை இரவில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். தெருவிளக்கு இருக்கிற இடமும் உண்டு, இல்லாத இடமும் உண்டு. மழைக்குப் பிறகு பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனவே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கோ புதுப்பேட்டைக்கோ போய் விளக்கு வாங்குகிறார். கடைக்காரர் பவரைச் சொல்கிறார், இவர் விலையைக் கேட்கிறார். இருந்த லைட் ஏன் மங்கலாக எரிகிறது என்று இருவருமே கேட்டுக்கொள்வதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

வட சென்னையின் காற்று உப்புக் காற்று. இங்கே ஜன்னல் கம்பியே ஐந்து வருடத்தில் பொரிந்து உதிர்கிறது. வண்டியின் வயர் மட்டும் தப்பிக்குமா? பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கிறதே, அதே அரிப்பு கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் நடக்கிறது. பல்பு ஹோல்டரின் உள்ளே, பாடியில் முடுக்கிய எர்த் போல்ட்டின் அடியில், ஃப்யூஸ் பெட்டியில் என்று ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வோல்டேஜ் காணாமல் போகிறது. பழைய ஜீப்புகளில் இன்னொரு குறையும் உண்டு. ஹெட்லைட்டுக்குப் போகிற மொத்தக் கரன்ட்டும் டாஷ்போர்டு சுவிட்ச் வரை வந்து, அங்கிருந்து மெல்லிய வயரில் முன்பக்கம் திரும்பிப் போகும்.

ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவிகிதம் குறைவதோடு நிற்காது. ஏறக்குறைய 30 சதவிகிதம் குறையும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்கிறது, பல்பு ஹோல்டருக்கு 12.4 வந்து சேர்கிறது என்றால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்டப் போச்சு. 11.5தான் வருகிறது என்றால் பாதிதான் மிச்சம். புது விளக்கு வாங்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது மல்டிமீட்டர் இருக்கிற ஓர் எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விடுவது. இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பேட்டரியில் ஒரு தடவை, ஹோல்டரில் ஒரு தடவை அளந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

வித்தியாசம் அதிகமாக இருந்தால் மருந்து ரிலே. லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. கனமான வயர் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேராக விளக்குக்குப் போகும். பழைய சுவிட்ச் ரிலேவுக்கு உத்தரவு கொடுக்கிற வேலையை மட்டும் பார்க்கும். 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் சுமார் 10 ஆம்பியர் ஓடுகிறது. அதைத் தாங்குகிற வயர் வேண்டும், ஃப்யூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். எர்த்துக்கும் தனி வயர் இழுத்து, பெயின்டைச் சுரண்டிய சுத்தமான இரும்பில் முடுக்கி, மேலே கிரீஸ் தடவிவிட்டால் உப்புக் காற்று சில வருடங்கள் எட்டிப் பார்க்காது. ஜீப்புக்கு ஒரு டயர் வாங்குகிற செலவில் கால்வாசிகூட இதற்கு ஆகாது. பளபளப்பாகக் காட்ட எதுவும் இல்லை என்பதுதான் இதில் ஒரே குறை. நண்பர்களைக் கூப்பிட்டு ரிலேவைக் காட்டிப் பெருமைப்பட முடியாது.

புதிய மாடல்களில் வயரிங் கதை வேறு. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இருக்கிற வயரை வெட்டி ஒட்டினால் வாரன்ட்டி போகும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் தலைவலியாகும். 2020-ல் வந்த தாரின் ஹெட்லைட்டும் ஹாலஜன்தான். அதில் கை வைப்பதானால் ஒரிஜினல் வயரை வெட்டாமல் சாக்கெட்டில் செருகுகிற ரெடிமேட் வயரிங் மட்டும் போதும்.

வயர் சரியான பிறகுதான் விளக்கின் முறை. பழைய மஹிந்திரா ஜீப்பின் வட்ட ஹெட்லைட் 7 அங்குலம். இது 1940-ல் அமெரிக்காவில் எல்லா கார்களுக்கும் பொதுவாக நிர்ணயிக்கப்பட்ட அளவு. 1956 முதல் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த புல்லட்டின் முகத்தில் இருப்பதும் அதே வட்டம்தான். அளவு ஒன்றாக இருப்பதால் உலகத்தில் யார் செய்த 7 அங்குல விளக்கும் இந்த ஜீப்பில் உட்கார்ந்துவிடும். வசதிதான். ஆனால் ஆபத்தும் அங்கேதான்.

லோ பீம் வெளிச்சம் நேர்கோடாக விழுவதில்லை. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால் இடது ஓரத்தில் மட்டும் வெளிச்சம் சற்று மேலே ஏறும். நடந்து போகிறவர், சைக்கிள், மைல்கல் எல்லாம் அதில் தெரியும். வலது பக்கம் எதிரே வருகிறவருக்காகத் தாழ்ந்திருக்கும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்த விளக்கில் இது தலைகீழ். அதை இங்கே மாட்டினால் லோ பீமில் ஓட்டினாலும் எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பிய முத்திரை பெற்ற விளக்கின் கண்ணாடியை முன்னால் நின்று பாருங்கள். பார்க்கிறவரின் வலப்பக்கம் காட்டுகிற அம்புக்குறி இருந்தால் அது இடதுபக்கப் போக்குவரத்துக்கானது, நமக்கு ஆகும். இரண்டு பக்கமும் காட்டுகிற அம்பு என்றால் மாற்றி அமைத்துக்கொள்ளலாம். அம்பே இல்லையென்றால் அது வலதுபக்க நாட்டுக்கானது. விலை பாதி என்றாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய கூட்டிலேயே எல்.இ.டி பல்பை மட்டும் செருகுகிறவர்கள்தான் இப்போது அதிகம். ஹாலஜன் பல்புக்குள் எரிகிற இழை சில மில்லிமீட்டர்தான். அந்த இழை எங்கே நிற்கிறதோ அதைக் கணக்குப் பண்ணித்தான் பின்னால் இருக்கிற கிண்ணத்தின் வளைவைச் செய்கிறார்கள். எல்.இ.டி பல்பில் ஒளி கிளம்புகிற இடம் கொஞ்சம் மாறினாலும் கணக்கு தப்புகிறது. வண்டிக்கு முன்னால் பத்தடி பட்டப்பகலாக இருக்கும். தூரத்தில் ஒன்றும் விழாது. மிச்ச வெளிச்சம் மேல்நோக்கிச் சிதறும். பக்கத்தில் பளிச்சென்று இருப்பதால் ஓட்டுகிறவருக்கு நன்றாகத் தெரிவதுபோல ஒரு மயக்கம் வருகிறது. உண்மையில் அந்தப் பளிச்சால் கண்மணி சுருங்கி, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிறது. போதாததற்கு அந்தப் பல்பின் பின்னால் சுழல்கிற குட்டி விசிறிக்குள் எண்ணூர்ப் புழுதி புகுந்து, விசிறி நின்று, பல்பும் சூட்டில் போகும். எல்.இ.டிதான் வேண்டும் என்றால் பல்பு, கிண்ணம், கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒன்றாகவே வடிவமைத்த முழு விளக்காக வாங்குவதே சரி. 100, 130 வாட் ஹாலஜன் பல்புகளும் கடையில் கிடைக்கும். ஹோல்டர் உருகிய பல வண்டிகளின் கதை அவற்றிலிருந்துதான் தொடங்குகிறது.

ஹெட்லைட்டின் மேல்பாதியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற பழக்கம் ஞாபகம் இருக்கிறதா? போக்குவரத்துப் போலீஸே சிக்னலில் நிறுத்தி ஒட்டிவிடுவார்கள். எதிரே வருகிறவர் கண்ணைக் காக்க அது ஒரு கை வைத்தியம். விளக்கைச் சரியான கோணத்தில் திருப்பி வைப்பதுதான் அசல் வைத்தியம். அதைப் பிறகு பார்ப்போம்.

ஃபாக் லைட்டுக்கு வருவோம். சென்னையில் பனிமூட்டமா என்று சிரிக்க வேண்டாம். மார்கழி, தை விடியற்காலையில் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் பனி இறங்கும். அனல் மின் நிலையங்களின் சாம்பல், நிலக்கரித் தூசு, லாரி கிளப்புகிற புழுதி வருடம் முழுக்க உண்டு. போகியன்று கேட்கவே வேண்டாம்; 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் இறங்க வந்த விமானங்களே திருப்பி விடப்பட்டன.

பனியிலும் புகையிலும் ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். காற்றில் மிதக்கிற ஒவ்வொரு துளியும் தூசியும் வெளிச்சத்தைத் திருப்பி நம் கண்ணுக்கே அனுப்புகின்றன. விளக்கு கண்ணுக்கு எவ்வளவு பக்கமோ, அவ்வளவு வெள்ளை. கூரை மேல் இருக்கிற லைட் பார் புழுதியில் எதற்கும் உதவாமல் போவது இதனால்தான். அதன் ஒளி டிரைவரின் கண் முன்னாலேயே பாய்கிறது, பானெட்டில் பட்டும் கூசுகிறது. ஃபாக் லைட் பம்பரின் அடியில் இருக்கிறது. அதன் ஒளி அகலமாக, தட்டையாக, மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல ரோட்டை ஒட்டியே பரவும். கண்ணுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற புகையைத் தொடாமல் அடியில் நுழைந்து போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எனவே ஃபாக் லைட் வாங்கும்போது வாட்டைக் கேட்பதைவிடச் சுவரில் அடித்துக் காட்டச் சொல்லி மேல் விளிம்பைப் பார்ப்பது நல்லது. விளிம்பு கலங்கலாக இருந்தால் அது ஃபாக் லைட் இல்லை, ஃபாக் லைட் வேஷம் போட்ட ஸ்பாட் லைட்.

மஞ்சளா, வெள்ளையா? பிரான்ஸில் 1930-களிலிருந்து 1993 வரை எல்லா ஹெட்லைட்டும் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது பாதி நம்பிக்கை. பனித்துளி அளவுக்குப் பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் பலருக்குக் கண் கூசாமல் இதமாக இருக்கிறது. அந்த இதத்துக்காக வாங்கலாம். ஃபாக் லைட் காட்டுவது கொஞ்ச தூரத்தைத்தான் என்பதையும் மறக்கக் கூடாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்த வெளிச்சம் தீர்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-வது விதி, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைத் தடை செய்கிறது. விதிவிலக்கான சூழ்நிலையில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். கவர் போட்டு மூடி வைத்திருக்கிறேன் என்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அனுமதி ஆகாது. 106-வது விதி, 8 மீட்டர் தூரத்தில், வண்டிக்கு அரை மீட்டர் வலப்புறம், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. 1.5 மீட்டர் என்பது அந்த மொபெட்காரரின் கண் உயரம்தான், ஏறக்குறைய. விளக்கைத் தாங்க முன்னால் பொருத்துகிற கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு 2017 டிசம்பரில் மத்திய அரசு எழுதியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இனி அந்தக் கோண வேலை. செலவே இல்லாதது, ஆனால் பெரும்பாலோர் செய்யாதது. டயரில் காற்றைச் சரி பார்த்து, வழக்கமாக ஏற்றுகிற சாமானை ஏற்றி, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, சமதளத்தில் ஒரு சுவருக்கு நேராக 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால் விளக்கின் ஓரத்தில் இருக்கிற திருகைத் திருப்புவதுதான் வேலை. தொண்டியார்பேட்டைச் சந்துக்குள்கூட 5 மீட்டர் கிடைக்கும்.

ஆஃப்-ரோடுக்காகச் சஸ்பென்ஷனை உயர்த்தி, பெரிய டயர் போட்டவர்கள் இதை மறுபடியும் செய்தே ஆக வேண்டும். வண்டி உயர்ந்தால் விளக்கும் உயர்கிறது; பழைய கோணத்தில் முன்னால் போகிற காரின் கண்ணாடிக்குள் நேராக அடிக்கும்.

சனிக்கிழமை இரவு காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் மணலில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். ஜனவரியிலிருந்து சில மாதங்கள் இந்தக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். ஏப்ரல், மே வரை குஞ்சுகள் பொரிந்து வரும். இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அதுதான் கடல் என்று குஞ்சுகளுக்குப் பிறவியிலேயே பழக்கம். ஜீப்பின் லைட் பார் எரிந்தால் அவை ஜீப்பை நோக்கித்தான் நடக்கும். அந்த மாதங்களில் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, லைட்டை அணைத்து, நடந்தே போகலாம்.