கடத்துக்குச் சுருதி சேர்க்கும் கைகள்

கச்சேரி தொடங்குமுன் மேடையில் சில நிமிடங்கள் சுருதி சேர்க்கும் வேலை நடக்கும். வயலின்காரர் பிருடையை முறுக்குவார். மிருதங்கக்காரர் கல்லும் கட்டையுமாகத் தட்டி ஏற்றுவார், இறக்குவார். கடக்காரருக்கு மட்டும் முறுக்க ஒன்றும் இல்லை. கொஞ்சம் களிமண்ணை ஒட்டிச் சுருதியைச் சிறிது தாழ்த்தலாம், அவ்வளவுதான். சூளையிலிருந்து வெளியே வந்தபோது என்ன சுருதியோ, ஏறக்குறைய அதுதான் கடைசிவரை. ஆக, அந்தக் கருவிக்குச் சுருதி சேர்த்தவர் அதைச் செய்த வேளார். கைதட்டல் எழும்போது அவர் அரங்கத்தில் இருப்பதில்லை. அழைப்பிதழிலும் அவர் பெயர் இருப்பதில்லை.

அவரைத் தேடிப் போனால் மானாமதுரை வரும். ராமேசுவரம் ரயில்கள் நின்று போகும் இந்தச் சந்திப்பு இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அது ராமநாதபுரத்தோடுதான் இருந்தது. ஊரைத் தொட்டு ஓடும் வைகை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. அந்த வைகைப் படுகையின் மண்தான் கடமாகிறது.

மண் எடுப்பதிலிருந்தே பக்குவம் தொடங்குகிறது. உலர்த்தி, ஊறவைத்து, மணல் கலந்து, உலோகத் துகள் சேர்த்து மிதித்துப் பிசைகிறார்கள். சக்கரத்தில் வனைந்து எடுப்பது பாதி வேலைதான். ஈரம் முழுதும் போகுமுன் பானைக்குள்ளே ஓர் உருண்டைக் கல்லை அணை கொடுத்து, வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டுகிறார்கள். சமையல் பானைக்கு இத்தனை தட்டு கிடையாது. வயிறு, இடுப்பு, கழுத்து எங்கும் மண் சீராக இறுகினால்தான் நாதம் ஒரே தரமாகப் பேசும். மானாமதுரைக் கடம் மற்ற ஊர்க் கடங்களைவிடத் தடிமனும் கனமும் கூடியது. கணீரென்ற அதன் ஒலிக்கு அந்த இறுக்கமே காரணம். வாசிப்பவரின் விரல் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அதையே கேட்டு வாங்குகிறார்கள்.

இந்தத் தட்டும் வேலையில் ஆயுளைச் செலவிட்டவர் மீனாட்சி கேசவன். புகுந்த வீட்டில் கற்ற தொழில். மகன் வனைவார், தாய் தட்டுவார். பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவராக இருந்தபோது அவர் கையால் சங்கீத நாடக அகாதெமி விருதை மீனாட்சி பெற்றார். கருவி செய்பவரும் கலைஞரே என்று நாட்டின் மிக உயர்ந்த கலை அமைப்பு ஏற்றுக்கொண்ட தருணம் அது. டெல்லி செய்ததை இங்குள்ள சபாக்களும் திருவிழாக் கமிட்டிகளும் மாவட்ட நிர்வாகங்களும் செய்திருக்கின்றனவா என்பதே கேள்வி.

மேடைக்குப் பின்னால் நிற்பவர்கள் கருவி செய்பவர்கள் மட்டுமல்ல, குருமார்களும்தான். ராமநாதபுரம் என்ற ஊர்ப்பெயர் கர்நாடக இசையில் மிகப் பெரியது. அரண்மனை ஆதரவில் வளர்ந்த பூச்சி ஸ்ரீனிவாசய்யங்கார்தான், இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்த அரியக்குடி ராமானுஜய்யங்காரின் குரு. ராம்நாட் கிருஷ்ணனும் ராம்நாட் ராகவனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம்வரை அந்தப் பெயரைக் கொண்டுபோனார்கள். மிருதங்க மேதை சி.எஸ். முருகபூபதியைத் தெரிந்தவர்கள்கூட அவருடைய தந்தை சித்சபை சேர்வையை அவ்வளவாக அறியமாட்டார்கள். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடம் கற்றதைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர் அவர். அவருடைய இன்னொரு மகன் சங்கரசிவம்தான் பின்னாளில் மதுரை டி.என். சேஷகோபாலனை உருவாக்கிய குரு. ஒரு வீட்டின் கூடத்தில் நடந்த பாடங்கள் அரை நூற்றாண்டுக் கச்சேரி மேடைகளைத் தாங்கியிருக்கின்றன.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனையில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. முத்து விஜய ரகுநாத சேதுபதியின் முகம் தெரிகிறது. தீட்டியவர்களின் பெயர் தெரியவில்லை. அரசர் காலத்தில் அப்படி நடந்ததற்கு இன்று யாரையும் குறை சொல்ல முடியாது. அச்சகமும் ஒலிபெருக்கியும் கைப்பேசியும் வந்த பிறகும் அதே பழக்கம் தொடர்வதுதான் குறை.

இந்த விஷயத்தில் கிராமம் நகரத்தைவிடத் தாராளமானது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பங்குனி, சித்திரையில் அடிக்கும் கோயில் திருவிழா நோட்டீஸைப் பார்க்கலாம். ‘வள்ளி திருமணம்’ நாடகம் என்றால் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் வரிசையில் ஆர்மோனியக்காரர் பெயரும் மிருதங்கக்காரர் பெயரும் ஊரோடு இருக்கும். அடிவரியில் பந்தல் யார், ஒலி-ஒளி யார் என்பதும் இருக்கும். இவர்கள் இல்லாமல் விடியவிடிய நாடகம் நடக்காது என்பது ஊருக்குத் தெரியும். பாம்பனில் 2016 முதல் இயங்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியும் இதே குணம் கொண்டது. மீனவ சமூகமே மைக்கின் முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

“காசு கொடுத்துத்தானே வாங்குகிறார்கள், தனியாக மரியாதை எதற்கு?” என்று கேட்கலாம். நல்ல கடம் ஒன்றை வாங்கியவர் பல ஆண்டுகள் வாசிப்பார். ஒவ்வொரு கச்சேரிக்கும் சன்மானம் பெறுவார். செய்தவருக்கு வரும்படி ஒருமுறைதான். மழைக்காலத்தில் மண் உலராது, சூளை மூட்ட முடியாது, அந்த மாதங்களில் அதுவும் இல்லை. மிருதங்கம் செய்வோரின் நிலையும் இதுதான். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் அதை விரிவாகப் பேசியது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற மனிதரின் கையும் காதும் இருந்ததைப் பலர் அப்போதுதான் அறிந்தார்கள்.

ஜப்பான் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. நிகழ்த்துகிற மேதைகளைக் கௌரவிக்கும் சட்டத்தில் 1975இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, கலைகள் பிழைக்கத் தேவையான துணைத் தொழில்களையும் தனியாகப் பட்டியலிட்டது. இசைக்கருவிகளுக்குப் பட்டு நரம்பு முறுக்குவதுகூட அதில் உண்டு. பட்டியலில் சேர்ந்தால் அடுத்த தலைமுறையைப் பழக்க அரசு உதவி கிடைக்கும்.

தமிழ்நாட்டில் அதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. மாவட்டக் கலை மன்றங்கள் வயது வாரியாகக் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை ஐந்து விருதுகள் தருகின்றன. ராமநாதபுரம், சிவகங்கை மன்றங்கள் ஆண்டுக்கு ஓர் இடத்தைக் கருவி செய்வோர், ஒப்பனையாளர், மேடை அமைப்போருக்கு ஒதுக்கலாம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் நிலைக்க மண் வேண்டும். மண்பாண்டத் தொழிலாளர் கண்மாய் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. கடத்துக்கு ஏற்ற மண் கிடக்கும் கண்மாய்களை அடையாளம் கண்டு அவர்களுக்கென ஒதுக்குவது அடுத்த படி. அரசு இசைப் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒருநாள் அந்தச் சூளைகளுக்கு அழைத்துச் செல்லலாம்.

சபாக்களின் பங்கு இன்னும் எளிது. மார்கழி விழா அழைப்பிதழில் கட வித்வானின் பெயருக்குக் கீழே ‘கடம் செய்தவர்’ என்று ஒரு வரி சேர்க்க அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். இந்த ஆண்டு அச்சுக்குப் போகும் அழைப்பிதழிலேயே தொடங்கலாம்.