22 குடும்பங்களும் எங்கள் குடும்பமும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்றாவது இட்லிக்கும் நாலாவது இட்லிக்கும் நடுவில் அண்ணனிடமிருந்து போன்.

“டேய், உடனே புறப்பட்டு வா. உன் பிள்ளை புத்தி கெட்டுப்போய் உட்கார்ந்திருக்கான்.”

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். மார்க் வாங்கினால் அவன் அண்ணன் பிள்ளை. ஏடாகூடம் பண்ணினால் என் பிள்ளை.

போனேன். அண்ணன் பனியனோடு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அழுகையா, வெங்காயமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பையன் மட்டும் சாவகாசமாக ஏதோ படித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். பையனுக்கு பி.ஈ. கடைசி வருஷம். காம்பஸிலேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஆர்டர் கொடுத்துவிட்டது. அண்ணன் தெருவில் பாதிப் பேருக்கு ஸ்வீட்டும் கொடுத்தாகிவிட்டது. இப்போது பையன், வேலைக்குப் போகமாட்டேன், எம்.ஏ. எகனாமிக்ஸ் படிக்கப்போகிறேன் என்கிறான். அதுவும் வடக்கே போய். என்ட்ரன்ஸுக்கு பாரம் போட புதன்கிழமை கடைசி நாள்.

“படிச்சு என்னடா ஆகப்போற?”

“டெவலப்மென்ட் எகனாமிஸ்ட், சித்தப்பா.”

அண்ணி நிமிர்ந்தார். “அது என்னப்பா, எல்.ஐ.சி. டெவலப்மென்ட் ஆபீசர் மாதிரியா? பாலிசி பிடிக்கணுமா?”

“பாலிசிதாம்மா. ஆனா கவர்ன்மென்டுக்குப் போடற பாலிசி” என்றான் பையன்.

உலக வங்கி, ஐக்கிய நாடுகள் என்றெல்லாம் விளக்கினான். ஏழை நாடுகள் ஏன் ஏழையாக இருக்கின்றன, பள்ளிக்கூடம் கட்டினால் நல்லதா, பாலம் கட்டினால் நல்லதா, கொடுத்த கடன் எங்கே போச்சு என்று கணக்குப் பார்க்கிற வேலை. “ஏழை நாட்டைப் பத்திப் படிச்சுப் படிச்சு இவன் ஏழையாகப் போறான்” என்றார் அண்ணன்.

அது சரியில்லை. எனக்குத் தெரிந்தவரை வறுமையைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் யாரும் வறுமையில் இல்லை. வறுமை பற்றிய கருத்தரங்குகளில் மத்தியானச் சாப்பாடு பிரமாதமாக இருக்கும் என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தப் பந்திக்குப் போய்ச் சேருவதற்குள் எம்.ஏ., அப்புறம் டாக்டர் பட்டம் என்று பையனுக்கு முப்பது வயது ஆகிவிடும். அண்ணனோ அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறார். வீட்டுக் கடன் இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. பெரியவளின் கல்யாணக் கடன் தனி.

“நீ பேசி மாத்துடா. நீ சொன்னா கேப்பான்” என்று என் தலையில் கட்டிவிட்டு அண்ணன் குளிக்கப் போனார்.

மாடியில் பையன் ஒரு கட்டுக் காகிதத்தை என் கையில் கொடுத்தான். “இதைப் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க, சித்தப்பா.” மஹ்பூப் உல் ஹக் என்கிற ஒருவரைப் பற்றி. திட்டுவதற்கு பாயின்ட் கிடைக்குமே என்றுதான் படிக்க ஆரம்பித்தேன்.

மனிதர் 1934-ல் ஜம்முவில் பிறந்தவர். பிரிவினையில் குடும்பம் லாகூருக்குப் போயிற்று. அங்கே படித்து, கேம்பிரிட்ஜ் போய், 1953-ல் சக மாணவராக ஒரு வங்காளி இளைஞரைச் சிநேகம் பிடித்துக்கொண்டார். அந்த வங்காளி பெயர் அமர்த்தியா சென். கதையில் பின்னால் வருவார். ஹக் அப்புறம் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு 1957-ல் பாகிஸ்தான் திட்டக் கமிஷனில் சேர்ந்தார். பிற்பாடு அங்கேயே தலைமைப் பொருளாதார நிபுணர்.

அயூப் கான் காலம். பொருளாதாரம் கிடுகிடுவென்று வளர்கிறது. ஏழை நாட்டுக்கு முதலில் வளர்ச்சிதான் முக்கியம், பங்கு போடுவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று 1963-ல் ஹக் ஒரு புத்தகமே எழுதினார். வெளிநாட்டு நிபுணர்கள் கைதட்டினார்கள். அயூப் கான் 1968-ல் ‘வளர்ச்சியின் பத்தாண்டு’ என்று விழா எடுத்தார். தோரணம், பேனர், பேச்சு.

அதே 1968-ல் கராச்சியில் ஒரு மேடையில் ஏறினார் ஹக். நாட்டின் தொழில் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கும், வங்கித் தொழிலிலும் இன்ஷூரன்ஸிலும் பெரும்பகுதியும் வெறும் 22 குடும்பங்கள் கையில் இருக்கிறது என்று போட்டு உடைத்தார்.

இதை எதிர்க்கட்சிக்காரர் சொல்லியிருந்தால் அது செய்தி இல்லை. திட்டம் போட்ட ஆளே சொன்னார். தன் கையால் போட்ட கணக்கைத் தானே தப்பு என்று மேடையில் அடித்துக் காட்டுவது லேசான காரியமா? எங்கள் ஆபீசில் ஒரு கூட்டல் தப்பை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு மூன்று மெமோ தேவைப்படுகிறது. அந்த ‘22 குடும்பங்கள்’ பாகிஸ்தான் தெருக்களில் கோஷமாகவே ஆகிப்போனது. அடுத்த வருஷம் மார்ச்சில் அயூப் கான் பதவியிலிருந்து இறங்கினார். அவரை இறக்கியது ஹக்கின் பேச்சு என்று நான் சொல்லமாட்டேன். எரிகிற வீட்டில் அதுவும் ஒரு தீக்குச்சி.

1970-ல் உலக வங்கி. அப்போது அங்கே தலைவர் ராபர்ட் மக்னமாரா. வியட்நாம் போரை நடத்திய அதே அமெரிக்க ராணுவ மந்திரிதான். அந்த வங்கியில் பன்னிரண்டு வருஷம் இருந்தார் ஹக். பாலத்துக்கும் அணைக்கும் கடன் கொடுத்துக்கொண்டிருந்த வங்கி, அந்த வருஷங்களில்தான் ஏழை விவசாயியையும் உரக்கப் பேச ஆரம்பித்தது. அதில் ஹக்கின் கை நிறையவே உண்டு.

அப்புறம் ஒரு காரியம் செய்தார். அதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. 1982-ல் பாகிஸ்தானுக்குத் திரும்பி, ராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்த ஜியா உல் ஹக்கிடம் மந்திரியானார். (பெயர் ஒற்றுமைதான், உறவு இல்லை.) திட்டம், பிறகு நிதி. உள்ளே போய் நாலு நல்லது பண்ணலாம் என்று நினைத்திருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். சட்டையில் கறை படாமல் வெளியே வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் 1989-ல் நியூயார்க்கில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்துக்குப் போனவர் செய்த வேலைக்காக இதை மன்னித்துவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை ஒரு நாடு முன்னேறியதா இல்லையா என்பதற்கு முக்கியமான அளவுகோல், மொத்த உற்பத்தி. அது ஒரு விசித்திரமான கணக்கு. சமையல்காரம்மாவை முதலாளி கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்று பிகு என்ற ஆங்கிலப் பொருளாதார மேதை அந்தக் காலத்திலேயே கிண்டல் பண்ணியிருக்கிறார். நேற்றுவரை சம்பளம், இன்று முதல் ஓசி. அதே சாம்பார்தான், ஆனால் கணக்கில் வராது.

ஹக் என்ன பண்ணினார்? சராசரியாக எத்தனை வயது வரை உயிரோடிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும், கையில் எவ்வளவு வருமானம், மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினார். மனித வளர்ச்சிக் குறியீடு. இதற்குத்தான் பழைய கேம்பிரிட்ஜ் சிநேகிதரைக் கூப்பிட்டார். சென்னுக்கு முதலில் பிடிக்கவில்லை. மனுஷ வாழ்க்கையை ஒரே நம்பரில் அடைப்பதா என்றார். மொத்த உற்பத்தியைப் போலவே முரட்டு எண்ணாக இருக்கட்டும், ஆனால் அதைப் போலக் குருடாக இருக்கவேண்டாம் என்று ஹக் பிடிவாதம் பிடித்ததை சென்னே பிற்பாடு சொல்லியிருக்கிறார். மந்திரிகள் நானூறு பக்கம் படிக்கமாட்டார்கள், ரேங்க் கார்டு படிப்பார்கள் என்பது மந்திரியாக இருந்தவருக்குத் தெரியாதா?

வருமானத்தை அப்படியே கூட்டாமல் ஒரு கணக்கு வித்தை செய்தார்கள். மாசம் 15,000 வாங்குகிறவனுக்கு 5,000 கூடினால் பிள்ளையின் ஸ்கூல் பீஸ். ஐந்து லட்சம் வாங்குகிறவனுக்கு அதே 5,000 கூடினால் ஒரு ராத்திரி ஓட்டல் பில். ஆகவே பணம் ஏற ஏற அதற்குக் கிடைக்கும் மார்க் குறையும். இந்த ஒரு இடத்தில் நான் எழுந்து நின்று ஹக்குக்கு ஒரு சல்யூட் அடித்தேன்.

முதல் அறிக்கை 1990-ல் வந்தது. 130 நாடுகள். அதில் ஒரு விவரத்தை பையன் சிவப்பு இங்கில் கோடிட்டிருந்தான். இலங்கையில் தலைக்கு வருமானம் 400 டாலர், சராசரி ஆயுள் 71 வயது, பெரியவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 87 சதவிகிதம். பிரேசிலில் வருமானம் 2,020 டாலர், ஆயுள் 65. சவூதி அரேபியாவில் 6,200 டாலர், ஆயுள் 64, படிப்பு 55 சதவிகிதம். பதினைந்து மடங்கு காசு, ஏழு வருஷம் குறைச்சல் ஆயுசு. அடுத்த வருஷம் சுதந்திரத்துக்கும் மார்க் போட்டுப் பார்த்தார்கள். பல அரசாங்கங்கள் சீறின. அந்த ரேங்க் பட்டியல் சத்தமில்லாமல் மறைந்தது.

ஹக் 1998 ஜூலையில் நியூயார்க்கில் காலமானார். வயது 64. இரண்டு மாதம் முன்புதான் இந்தியாவும் பாகிஸ்தானும் மாறி மாறி அணுகுண்டு வெடித்திருந்தன. ஆயுதத்துக்குக் கொட்டுகிற காசைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அவர் போன மூன்றாவது மாதம் அமர்த்தியா சென்னுக்கு நோபல் பரிசு.

காகிதங்களை மூடி வைத்தபோது, திட்டுவதற்கு எடுத்துவைத்திருந்த பாயின்ட் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஒரு அரசு ஆபீசில் சூப்பரின்டெண்ட். (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எனக்கு பென்ஷன் வரவேண்டும்.) மாசாமாசம் ஸ்டேட்மென்ட் போடுவோம். போன மாத நிலுவை, இந்த மாதம் வந்தது, முடித்தது, பாக்கி. நான் அசிஸ்டென்டாக இருந்தபோது ஒரு ரெவ்யூ மீட்டிங். என் மேஜையில் 43 நிலுவை. ஒரே நாளில் அதை 9 ஆக்கினேன். எல்லோர் முன்னாலும் பாராட்டு, அதிகாரி கையால் டீ.

அந்த 34-ல் ஒன்று ஒரு கிழவியின் குடும்ப பென்ஷன். ஒரு சர்டிபிகேட்டில் புருஷன் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. ‘குறையை நிவர்த்தி செய்து மீண்டும் அனுப்புக’ என்று எழுதித் திருப்பினேன். திருப்பினால் எங்கள் கணக்கில் முடித்த மாதிரி. அவள் மறுபடி கொண்டுவந்தால் புதுத் தபால். மறுபடி வந்தாள். இன்னொரு குறை. மறுபடி. ஒரு கிழவி, மூன்று டிஸ்போசல். என் ஸ்டேட்மென்ட் ஜொலித்தது.

யாரிடமும் சொன்னதில்லை. பையனிடம் சொன்னேன்.

“அந்தப் பாட்டிக்கு அப்புறம் பணம் வந்துதா, சித்தப்பா?”

“வந்தது. பதினாலு மாசம் கழிச்சு.”

“அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு?”

பேரன் ஒருவன் கூட வருவான், எட்டாவது படித்துக்கொண்டிருந்தவன். கடைசித் தடவை அவன் வரவில்லை. கேட்டதற்கு, படிப்பை நிறுத்திவிட்டு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான் என்றாள். அதற்கு எந்த ஸ்டேட்மென்டிலும் கட்டம் இல்லை.

பையன் ஒன்றும் பேசவில்லை. கீழே அண்ணன் விபூதி இட்டுக்கொண்டு காத்திருப்பது தெரிந்தது. தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டோம். ஹாஸ்டல், சாப்பாடு, ரயில் டிக்கெட். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் இவ்வளவு, கிடைக்காவிட்டால் இவ்வளவு. இரண்டாவது எண்ணைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் தலை சுற்றியது. “இது ரெண்டு வருஷத்துக்குத்தான். பி.எச்.டி. இதுல வரலை” என்று அவனே சொன்னான். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

புதன்கிழமை ராத்திரி அண்ணன் போன் பண்ணினார்.

“என்னடா, பேசினியா?”

“பேசினேன்.”

“மனசு மாறினானா?”

“அவன் மாறலை, அண்ணா. பாரத்துக்கு நான்தான் பணம் கட்டினேன்.”

மறுமுனையில் சத்தமில்லை. அண்ணன் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. பக்கத்தில் என் மனைவி கையில் அந்தக் காலண்டர் தாள் இருந்தது. சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் கிடைத்ததாம்.

“இது என்ன கணக்கு?” என்றாள்.