தோலை மட்டும் தைத்தால் போதுமா?
அம்பத்தூர் எஸ்டேட்டில் பேருந்து ஏறிய ஒருவர் நடத்துநரிடம் ரூபாய்த் தாளை நீட்டினார். தாளைப் பிடித்த கட்டைவிரலின் நுனிக்கணு மடங்கியிருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் கொக்கிபோல் சுருண்டிருந்தன. மணிக்கட்டில் பழைய தையல் தழும்பு. பிரஸ்ஸும் லேத்தும் ஓடும் ஊரில், தகடு கிழித்த கை புதிதல்ல. இங்கே தோலோடு நரம்பும் அறுந்திருக்க வேண்டும். முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அந்த அல்நார் நரம்புதான் உள்ளங்கையின் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குகிறது. விந்தை என்னவென்றால், அது முழங்கையில் அறுந்தால் வரும் வளைவைவிட மணிக்கட்டில் அறுந்தால் வரும் வளைவே அதிகம். விரலை மடக்கும் முன்கைத் தசை அப்போதும் இழுத்துக்கொண்டிருப்பதே காரணம். 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் இப்படி மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். ஆகவே காலம் கடந்தவருக்கும் வழி உண்டு. ஆனால் புதுக் காயம் காத்திருக்காது. இணைத்துத் தைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். அதற்குள் தசை மெலிந்துவிடும். தோலை மட்டும் தைத்து மறுநாளே ஷிஃப்டுக்குக் கூப்பிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. சுண்டுவிரலைத் தொட்டு, மரத்திருக்கிறதா என்று கேட்க அரை நிமிடம் போதும். மரத்திருந்தால், அன்றே சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள்.