கடல் கடந்தவன் கூலியும் கருவூலத்தின் கையும்

ஆளுகின்ற அரசுக்கு வரி கேட்கும் உரிமை உண்டு, மறுப்பார் எவருமிலர். சாலை போடுகிறது, பள்ளி நடத்துகிறது, காவல் வைக்கிறது. கொடு என்கிறது, கொடுக்கிறோம். ஆனால் எந்த நாட்டுச் சாலையில் ஒருவன் நடக்கவில்லையோ, எந்த மண்ணில் அவன் வியர்வை சிந்தவில்லையோ, அந்த நாட்டுக்கும் அவன் கூலியில் பங்கு உண்டா?

உலக நாடுகளில் மிகப் பல, ‘இல்லை’ என்றே விடை கூறியுள்ளன. குடியிருக்கும் இடமே வரிக்கு அடிப்படை என்பது அவற்றின் நெறி. ‘உண்டு’ என்று உரத்துக் கூறும் பெருநாடு ஒன்றிருக்கிறது. பிரதிநிதித்துவம் இன்றி வரியில்லை என்று முழங்கி, 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய அதே அமெரிக்காதான்!

உள்நாட்டுப் போருக்குப் பணம் தேடி 1861இல் வருமான வரி விதித்தபோதே, வெளிநாட்டில் வாழும் குடிமக்களின் உள்நாட்டுச் சொத்து வருவாய்க்குக் கூடுதல் விகிதம் வைத்தனர். போர்க்காலத்தில் நாட்டை விட்டு அகன்ற சீமான்கள் மீது எழுந்த சினம் அது. அந்த வரி 1872இல் மறைந்தது, கருத்து மறையவில்லை. 1913இல் வருமான வரி திரும்பி வந்தபோது, எம்மூலையில் வாழினும் குடிமகன் வரிக்குரியவனே என்று எழுதிவிட்டனர். மெக்சிகோவில் குடியிருந்து, அங்குள்ள சொத்திலிருந்தே வருவாய் பெற்ற குக் என்பவர் வழக்காடினார். குடிமகன் எங்கிருப்பினும் அரசின் நன்மை அவனைத் தொடர்கிறது, ஆகவே வரி செல்லும் என்று 1924இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

சலுகை இல்லாமலில்லை. 2025ஆம் ஆண்டுக்கு, வெளிநாட்டில் உழைத்து ஈட்டியதில் 1,30,000 டாலர் வரை விலக்குப் பெறலாம். ஆகவே பலர் காசு கட்டுவதில்லை. ஆனால் கணக்குக் காட்டியாக வேண்டும். அயல்நாட்டுப் பாங்குக் கணக்குகளில் உள்ள தொகை 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை. 2010ஆம் ஆண்டுச் சட்டமோ, அயல்நாட்டுப் பாங்குகளையே ஒற்றர்களாக்கிற்று.

நியூயார்க்கில் பிறந்து, சிறுவயதிலேயே வெளியேறியவர் போரிஸ் ஜான்சன். அவர் லண்டன் மேயராயிருந்தபோது, லண்டன் வீட்டை விற்ற ஆதாயத்துக்கு அமெரிக்கா வரி கேட்டது! 2014இல் மறுத்துப் பேசினார், பின்பு கட்டினார், 2016இல் அந்தக் குடியுரிமையையே துறந்தார். மேயர் வழக்கறிஞரை அமர்த்திக் கொள்ளலாம். அதே நிலையிலுள்ள மருத்துவமனைத் தாதி என்ன செய்வாள்? குடியுரிமையைத் துறக்கும் கட்டணத்தையும் 2014இல் 450 டாலரிலிருந்து 2,350 டாலராக உயர்த்தினார்கள்.

இந்தக் கொள்கையில் அமெரிக்காவுக்குத் துணை நிற்பது எரித்திரியா. அது வெளிநாட்டிலுள்ள தன் மக்களிடம் நூற்றுக்கு 2 வாங்குகிறது. அப்பணம் பயன்பட்ட விதத்தையும், மிரட்டி வசூலித்த முறையையும் 2011இல் ஐ.நா. பாதுகாப்பு அவை கண்டித்தது. கண்டித்து வாக்களித்தவர்களில் அமெரிக்காவும் ஒன்று!

நம் நாட்டுக்கு வருவோம். 2020 பிப்ரவரி முதல் நாள் படித்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு விதி நுழைந்தது: வேறெந்த நாட்டிலும் வரிக்குட்படாத இந்தியக் குடிமகன் இந்தியாவில் வசிப்பவனாகவே கருதப்படுவான். குறி வைத்தது, நாட்டுக்கு நாடு தாவி எங்கும் வரி கட்டாத கோமான்களை. அந்தக் குறி சரியே. அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் வலை விழுந்த இடம் வளைகுடா. துபாயிலும் குவைத்திலும் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. கடன் வாங்கிக் கப்பலேறிய கொத்தனும் ஓட்டுநனும் அந்தச் சொற்படி ‘எங்கும் வரி கட்டாதவன்’! கலக்கம் மூண்டது. மறுநாளே, உழைக்கச் சென்றவர்களைச் சேர்க்கும் எண்ணமில்லை என்று விளக்கம் வந்தது. மார்ச்சில் சட்டம் நிறைவேறியபோது, அயல்நாட்டு வருவாய் நீங்கலாக ஆண்டு வருமானம் 15 இலட்சம் ரூபாயைத் தாண்டியவருக்கே அவ்விதி என்று வரம்பு கட்டினர். அவரிடமும் இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் அயல்நாட்டு வருவாய்க்கே வரி. அயல்நாட்டுக் கூலிக்கு இல்லை.

இந்த வரம்பு முதல் நாளிலேயே இருந்திருக்க வேண்டாமா? சட்டம் எழுதிய மேசைக்கு வளைகுடாத் தொழிலாளி நினைவுக்கு வரவில்லையே! வெளிநாடுகளிலிருந்து 2022இல் மட்டும் இந்தியாவுக்கு வந்த பணம் ஏறத்தாழ 11,100 கோடி டாலர். அதை அனுப்பியவர்களில் அவனும் ஒருவன். வாக்களிக்கும் உரிமையை 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அவனுக்கும் தந்தது. ஆனால் அதைச் செலுத்த அவன் விமானமேறி, கடவுச்சீட்டும் கையுமாகச் சொந்த ஊர் வாக்குச்சாவடியில் நேரில் வந்து நிற்க வேண்டும்.