நடுவில் நின்று பாரம் சுமந்தவர்

கால்பந்து ஆட்டத்தில் கோல் போட்டவரை ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடும். கோலைத் தடுத்தவருக்கும் கைதட்டல் உண்டு. நடுவில் ஓடி உழைத்தவரை யார் கவனிக்கிறார்கள்?

பின்னால் ஆபத்து என்றால் அவர் அங்கே ஓட வேண்டும். முன்னால் வாய்ப்பு என்றால் அங்கேயும் ஓட வேண்டும். பந்தைப் பறித்துப் பிறருக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த வேலையில் உலகப் புகழ் பெற்றவர் யாயா தூரே. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஐவரி கோஸ்ட் நாட்டுக்காரர். கால்பந்து ஆடிய சகோதரர்கள் மூவரில் நடுப்பிள்ளை.

கதவு திறக்கவில்லை

புவாக்கே நகரில் 1983-ம் ஆண்டு பிறந்தார். அபிஜான் நகரத்து அசெக் மிமோசா கழகத்தின் பள்ளியில் ஆட்டம் பயின்றார். 2001-ல், 18 வயதில், பெல்ஜியம் நாட்டின் பெவரன் கழகத்தில் சேர்ந்தார். அது சிறிய கழகம்.

அண்ணன் கோலோவோ லண்டனில் அர்செனல் கழகத்தில் ஆடினார். தம்பியும் அங்கே சோதனை ஆட்டம் ஆடிப் பார்த்தார். இடம் கிடைக்கவில்லை.

மனம் ஒடிந்து ஊர் திரும்பினாரா? இல்லை. உக்ரைன் போனார். பிறகு கிரீஸ், பிறகு மொனாக்கோ. 2007-ல் புகழ் பெற்ற பார்சலோனா கழகமே அவரைச் சேர்த்துக்கொண்டது.

2009-ல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையின் இறுதி ஆட்டம். பின்களத்தில் ஆள் குறைவு. யாயாவை அங்கே நிற்கச் சொன்னார்கள். அது அவருடைய இடம் அல்ல. ஆனாலும் நின்றார். கோப்பை பார்சலோனாவுக்கே கிடைத்தது.

2010-ல் மான்செஸ்டர் சிட்டி கழகத்துக்கு வந்தார். பெரிய கோப்பை எதையும் 34 ஆண்டுகளாகக் காணாத கழகம் அது. 2011-ல் எப்.ஏ. கோப்பை அரை இறுதியில் ஒரே ஒரு கோல்; இறுதி ஆட்டத்திலும் ஒரே ஒரு கோல். இரண்டையும் போட்டவர் யாயா!

2013-14 லீக் போட்டியில் 20 கோல்கள் போட்டார். நடுக்களத்தில் ஆடுகிறவருக்கு இது அபூர்வம். லீக் பட்டமும் கிடைத்தது.

துக்கத்திலும் கடமை

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 2014 ஜூன் 19. பிரேசிலில் உலகக் கோப்பைப் போட்டி. அண்ணன் கோலோவும் குழுவில் இருந்தார். அன்று கொலம்பியாவிடம் ஐவரி கோஸ்ட் தோற்றது. அதே நாளில் தம்பி இப்ராகிம் மான்செஸ்டர் நகரில் நோயால் இறந்தார். வயது 28.

தம்பியின் உடல் இங்கிலாந்தில். அண்ணன்மார் பிரேசிலில். போவதா, இருப்பதா?

இருவரும் குழுவோடு தங்கினார்கள். ஐந்தாம் நாள் கிரீஸ் நாட்டுடன் நடந்த ஆட்டத்தில் யாயா இறங்கினார். கடைசி நேரப் பெனால்டியில் தோல்வி. உலகக் கோப்பைக் கனவும் போயிற்று.

ஆனால், எட்டு மாதம் கூட ஆகவில்லை. 2015 பிப்ரவரி 8-ந் தேதி ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம். 2006-லும் 2012-லும் இதே கட்டத்தில் பெனால்டியில் தோற்ற நாடு ஐவரி கோஸ்ட். இந்த முறை குழுத் தலைவர் யாயா. கானாவுக்கு எதிராக முதல் இரண்டு உதைகளும் வீணாயின. முடிவில் 9-8 என்று வென்றார்கள். 23 ஆண்டுக்குப் பின் கோப்பை நாட்டுக்கு வந்தது.

ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை யாயா தொடர்ந்து நான்கு முறை பெற்றார். அவரது பெருமை விருதில் மட்டும் இல்லை. ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்டினார். நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார். துக்கம் வந்தபோதும் தோழர்களைக் கைவிடவில்லை.

குடும்பத்திலும் இப்படிச் சிலர் உண்டு. அவர்கள் கோல் போடுவதில்லை; பாரம் சுமக்கிறார்கள். அவர்களுக்கும் கைதட்ட நாம் மறக்கக்கூடாது.