மெய்க்காவலுக்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டும்

2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சாலையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். முதல் வேட்டு அவர்மீது படவில்லை. அவர் உயிரைப் பறித்த அடுத்த வேட்டுக்கு முன் கிடைத்தது ஏறக்குறைய இரண்டரை விநாடி. அவரைக் கீழே சாய்க்கவோ குறுக்கே பாயவோ பழகிய உடலுக்கு அது போதும். அவருக்குப் பின்புறம் சரியாகக் கண்காணிக்கப்படவில்லை என்று அந்நாட்டுக் காவல் துறையின் ஆய்வே ஒப்புக்கொண்டது. அரசுக் காவலிலேயே இந்த நிலை.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், ஆளைக் காப்பதையும் சொத்தைக் காப்பதையும் ஒரே வரையறைக்குள் அடக்கிவிட்டது. 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி என்ற மாதிரி விதி ஏடிஎம் வாசலில் நிற்பவருக்கும் மெய்க்காவலருக்கும் பொது. வாட்டசாட்டமான உடம்பும் சஃபாரி உடையும் போதும் என்று ஆள் எடுப்பது பிறகு எப்படி நிற்கும்?

பிரிட்டனில் மெய்க்காவலுக்குத் தனி உரிமம் உண்டு. முதலுதவித் தகுதி இல்லாதவர் அந்தப் பயிற்சியில் சேரவே முடியாது. அதுவே சரி. போகும் இடத்தை முன்கூட்டியே பார்த்து, மாற்று வழியையும் அருகிலுள்ள மருத்துவமனையையும் குறித்துவைப்பதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி இருக்கிறது, துப்பாக்கி கடைசியில்தான். மத்திய உள்துறை அமைச்சகம் மாதிரி விதிகளில் மெய்க்காவலுக்கெனத் தனிப் பாடத்திட்டத்தையும் தேர்வையும் உடனே சேர்க்க வேண்டும்.